கடலில் பிடித்த மீன் வீடு வந்து சேரவில்லையா? கோளாறைப் பார்த்து சரிசெய்யும் வழி

சென்னைக்குத் தெற்கே ஈசிஆரில் 40 கிலோமீட்டரில் இருக்கிற கோவளத்திலிருந்து, வருஷத்துக்கு நாலைந்து தடவை நண்பர்களோடு பைபர் படகில் தூண்டில் போடப் போகிற ஆள் நான். மீனவன் இல்லை. எங்களைக் கூட்டிப் போகும் படகுக்கார அண்ணன் சொன்னதைக் கேட்டும், பல சமயம் கேட்காமல் பட்டும் தெரிந்துகொண்டவைதான் இதில் இருக்கின்றன.

முதல் பயணத்தில் ஐந்து பேர் போனோம். காலை பதினோரு மணிக்குள் சூரை மூன்று, பாறை மீன் இரண்டு, சங்கரா ஒரு வாளி. நல்ல பாடு என்று அண்ணனே சொன்னார். என் வீட்டு அடுப்புக்கு வந்து சேர்ந்தது பாதி வாளி சங்கரா மட்டும். ஐஸ் பெட்டி கொண்டு போயிருந்தோம், ஆனால் அதற்குள் இருந்தது முழுக்க சோடாவும் தண்ணீர் பாட்டிலும். மீனெல்லாம் படகின் அடியில் ஈரக் கோணிக்குக் கீழே மூன்று மணி நேரம் வெந்துகொண்டிருந்தது. தூண்டிலிலிருந்து தப்பிப் போகிற மீனைவிட, படகுக்கும் அடுப்புக்கும் நடுவில் வீணாகிற மீன்தான் அதிகம் என்பது அன்றைக்குப் புரிந்தது. அதனால் கடல் கோளாறுகளைக் கொஞ்சம் வேகமாகவும், ஐஸ் விஷயத்தை நிதானமாகவும் சொல்கிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

ஒரு சொல் குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடுவோம். தூண்டிலில் இருக்கும் கொக்கியைப் படகில் ‘முள்’ என்றுதான் சொல்வார்கள். மீனுக்கும் முள் உண்டு, அதுவும் குத்தும். ஆகவே இங்கே இரும்பு என்றால் கொக்கி, மீனுடையது என்றால் முள்.

“கரையில் நிற்கிறோம், அண்ணன் படகை எடுக்க மாட்டேன் என்கிறார்”

இது கோளாறே இல்லை. அவர் வேண்டாம் என்றால் டீ குடித்துவிட்டுத் திரும்புங்கள். “அவ்வளவு தூரத்திலிருந்து வந்துட்டோம்ணே” என்று கெஞ்சி அவரை இறக்கிய ஒரு நாள், கரை அலையைத் தாண்டுவதற்குள்ளேயே படகு இரண்டு முறை பக்கவாட்டில் திரும்பி, மதியச் சாப்பாடு முழுக்க கடலுக்குப் போனது. முந்தைய நாள் இரவே வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும், ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடும் அலை முன்னறிவிப்பையும் பார்த்துவிட்டால் பாதி ஏமாற்றம் குறையும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்தப் பக்கம் தேதி குறிப்பதே வீண். எனக்குப் பிடித்தது மாசி, பங்குனி.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். அது விசைப்படகுகளுக்கானது என்றாலும், போகிற ஊரில் என்ன நடைமுறை என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். அடையாள அட்டையும் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட்டும் கட்டாயம். ஜாக்கெட்டைத் தலையணையாக வைத்துக்கொள்வது எங்கள் கூட்டத்திலும் இருந்த பழக்கம்தான். அலையைத் தாண்டும்போதும் திரும்பிக் கரையேறும்போதும் அது உடம்பில் இருக்க வேண்டும், படகு கவிழ்கிற இடமே அதுதான்.

“படகு நின்றதும் தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது”

ஓடும்போது சரியாக இருக்கும். நங்கூரம் போட்டு, படகு ஒரே இடத்தில் ஆட ஆரம்பித்ததும்தான் முகம் வெளுக்கும். கண் படகின் உள்பக்கத்தைப் பார்த்து “ஆடவில்லை” என்கிறது, காது “ஆடுகிறது” என்கிறது, இந்த இரண்டுக்கும் ஒத்துப்போகாததுதான் காரணம். ஆகவே கண்ணைத் தூரத்துக் கடல் விளிம்பில் வையுங்கள். கொக்கி கட்டுகிறேன், செல்போன் பார்க்கிறேன் என்று குனிந்தால் தீர்ந்தது. அணியத்தில், அதாவது படகின் முன்நுனியில் உட்காராதீர்கள், அங்கேதான் ஆட்டம் அதிகம். நடுப்பகுதிக்கு வாருங்கள், எஞ்சின் புகை அடிக்காத பக்கமாக.

மாத்திரை போடுவதென்றால் வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை. பஸ் பயணத்துக்குப் போடுகிற அவோமினை முந்தைய இரவு படுக்கும்போதோ, கிளம்புவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்போ போட வேண்டும். தூக்கம் வரும், அதனால் கரைக்கு வந்ததும் மாத்திரை போட்டவர் காரை ஓட்டக் கூடாது. வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், எண்ணெய் வழியும் பூரியோடும் போகாதீர்கள். இரண்டு இட்லி போதும். இரவு சரக்கடித்துவிட்டு விடியற்காலை கடலுக்கு வருகிறவனுக்கு மருந்து கிடையாது, கரையிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

“இரண்டு மணி நேரமாகிறது, ஒரு கடி கூட இல்லை”

முதலில் நீரோட்டத்தைப் பாருங்கள். நரம்பு, அதாவது தூண்டில் இழை, நேர்க்குத்தாகத் தொங்குகிறதா? ஓட்டம் செத்திருக்கிறது, மீனும் சோம்பிக் கிடக்கும். கடல் வற்றுவதும் ஏறுவதும் மாறுகிற வரை காத்திருக்கலாம். நரம்பு சாய்ந்துகொண்டே போய், அதில் கட்டிய ஈயக் குண்டு தரையைத் தொடவே இல்லையென்றால் ஓட்டம் அதிகம், ஈயத்தைக் கனமாக்குங்கள். ஈயம் தரையைத் தொட்ட ‘டொக்’ கைக்குத் தெரிய வேண்டும். தெரிந்ததும் இரண்டு முழம் மேலே தூக்கி நிறுத்துங்கள்.

அடுத்தது இடம். கடலுக்கடியில் பாறைத் திட்டு இருக்கும் இடத்தைப் ‘பார்’ என்பார்கள். மீன் அங்கேதான் கூடும். இருபது அடி தள்ளி நங்கூரம் போட்டால் வெறும் சேறு. ஈயத்தை எடுத்துப் பாருங்கள், அடியில் சேறு ஒட்டியிருந்தால் நீங்கள் பாரில் இல்லை. அரை மணி நேரம் கடியே இல்லையென்றால் இடம் மாறச் சொல்லிக் கேளுங்கள். அண்ணன் தயங்கினால் அது டீசல் கணக்கு, அதை முன்கூட்டியே பேசி முடித்துவிடுவது நல்லது.

“இரை மட்டும் காணாமல் போகிறது”

சின்ன மீன்கள் கொத்தித் தின்கின்றன. இறால் மெதுவானது, இரண்டு கொத்தில் காலி. கணவாயை விரல் நீளத்துக்கு வார் வாராக நறுக்கி மாட்டினால் எளிதில் பிய்யாது. கொக்கியை ஒரு நம்பர் சின்னதாக்கிப் பாருங்கள், சங்கராவின் வாய்க்கு நாம் பாறைக்குப் போடுகிற கொக்கி நுழையாது. மத்தியை இரையாக்குவதென்றால் வால் பக்கத் துண்டு நன்றாக நிற்கும். நேற்று வாங்கி ஐஸ் இல்லாமல் வைத்திருந்த இரையை மீனும் மோந்துவிட்டுப் போய்விடும்.

“நரம்பு அறுந்து அறுந்து போகிறது”

திட்டிக்கொண்டே புதுக் கொக்கி கட்டுவதற்கு முன்னால் அறுந்த நுனியைக் கையில் எடுத்துப் பாருங்கள். என்ன நடந்தது என்று நுனியே சொல்லிவிடும்.

நுனி பன்றிவால் போலச் சுருண்டிருந்தால் அறுந்தது நரம்பு இல்லை, உங்கள் முடிச்சு உருவிக்கொண்டு போயிருக்கிறது. முடிச்சை இறுக்குமுன் எச்சிலோ தண்ணீரோ தொட்டு இறுக்குங்கள். காய்ந்த நரம்பை இறுக்கினால் உரசல் சூட்டிலேயே பலம் போய்விடும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தபோது நம்பவில்லை. எச்சிலால் என்ன ஆகப்போகிறது என்று நினைத்து இரண்டு பாறை மீனை விட்ட பிறகு நம்பினேன்.

நுனிக்கு மேலே ஒரு சாண் தூரத்துக்கு நரம்பு சொரசொரப்பாக, வெள்ளை பூத்ததுபோல இருந்தால் பாறையிலோ சிப்பியிலோ உரசியிருக்கிறது. அந்தப் பகுதி முழுவதையும் வெட்டி எறியுங்கள். இன்னொரு மீன் தாங்கும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். கடைசி ஒரு பாகத்துக்கு (இரண்டு கையையும் விரித்த நீளம்) மட்டும் தடிமனான தங்கூசி, அதாவது நைலான் நரம்பு, சேர்த்துக் கட்டுங்கள்.

கத்தரியால் வெட்டியதுபோல நுனி சுத்தமாக இருந்தால் பல்லுக்காரன் வந்து போயிருக்கிறான். வஞ்சரம், ஊழி, வாளை, இல்லையென்றால் பேத்தை. கொக்கிக்கு மேலே ஒரு சாண் மெல்லிய கம்பி சேர்த்தால் முதல் மூன்றும் மாட்டும். பேத்தையாக இருந்தால் இடத்தை மாற்றுங்கள், ஒரு மணி நேரத்தில் பத்து கொக்கி தின்றுவிடும், மாட்டினாலும் பிரயோஜனமில்லை. பேத்தையில் இருக்கும் டெட்ரோடோடாக்சின் விஷம் சமைத்தாலும் போகாது, ஆளைக் கொல்லும். ஊதிப் பந்தாக நிற்பதைப் படம் எடுத்துக்கொள்ளலாம், எடுத்ததும் கடலில் விடுங்கள்.

இது எதுவும் இல்லாமல், மீன் ஒரே இழுப்பில் பட்டென்று அறுக்கிறதா? ரீலின் பிரேக்கை மிகவும் இறுக்கி வைத்திருக்கிறீர்கள். நரம்பு தாங்கும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழுத்தால் ரீல் நரம்பை விட்டுக்கொடுக்க வேண்டும். 9 கிலோ நரம்பென்றால் 3 கிலோ இழுப்பில் சுற்று அவிழ வேண்டும், ஒரு சின்னத் தராசை மாட்டி இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கைத்தூண்டிலில் அந்த பிரேக் உங்கள் விரல்தான், அதற்குத்தான் பழைய சைக்கிள் டியூபை வெட்டி விரலில் மாட்டிக்கொள்கிறோம். நரம்பை மட்டும் உள்ளங்கையில் சுற்றிப் பிடிக்காதீர்கள். சூரை ஓடினால் நரம்பு சதையை வெட்டிக்கொண்டு உள்ளே போகும்.

“ரீலில் நரம்பு குருவிக்கூடு மாதிரி சிக்கிக்கொண்டது”

ஸ்பின்னிங் ரீல் என்றால் பெரும்பாலும் நரம்பை விளிம்பு வரை நிரப்பிவிட்டிருப்பீர்கள். இரண்டு மில்லிமீட்டர் விளிம்பு தெரிய வேண்டும். வீசியதும் கைப்பிடியைச் சுற்றி மூடாமல், ரீலில் இருக்கும் வளைந்த கம்பியைக் கையால் மடக்கி மூடி, நரம்பை ஒரு தடவை இழுத்து இறுக்கிவிட்டுச் சுற்றுங்கள். சிக்கு விழுந்துவிட்டால் இழுக்காதீர்கள். இழுக்க இழுக்க முடிச்சாகும். ஐந்து நிமிடத்தில் அவிழவில்லையென்றால் வெட்டிவிடுங்கள், துண்டை மட்டும் கடலில் போடாமல் பையில் போடுங்கள்.

“ஈயம் பாரில் மாட்டிக்கொண்டு வரவில்லை”

மாட்டிய திசைக்கு எதிர்த்திசையில் படகை நகர்த்தி இழுத்தால் பாதி தடவை வந்துவிடும். வரவில்லையென்றால் நரம்பை ஒரு கட்டையில் நாலு சுற்று சுற்றி, கட்டையைப் பிடித்து நேராக இழுங்கள். அடுத்த முறை ஈயத்தை மட்டும் மெல்லிய நரம்பில் கட்டித் தொங்கவிடுங்கள், ஈயம் போகும், கொக்கியும் மீனும் மிஞ்சும். அண்ணன் ஈயத்துக்குப் பதிலாகப் பழைய ஸ்பார்க் பிளக்கைக் கட்டுகிறார், போனால் போகட்டும் என்று.

“எஞ்சின் நின்றுவிட்டது”

நாம் செய்ய வேண்டியது இரண்டே இரண்டு. நங்கூரத்தை இறக்க உதவுவது, எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து போய் எட்டிப் பார்க்காமல் இருப்பது. மீதியை அண்ணன் பார்ப்பார். ஆனாலும் தெரிந்து வைத்துக்கொண்டால் நல்லது: வெளியே மாட்டுகிற எஞ்சினென்றால் கழன்றால் எஞ்சினை நிறுத்திவிடும் பாதுகாப்புக் கயிறு கழன்றிருக்கிறதா, பெட்ரோல் டேங்க் மூடியின் காற்றுத் துளை மூடியிருக்கிறதா, குழாயில் இருக்கும் ரப்பர் பந்து அமுக்கினால் கெட்டியாகிறதா என்று வரிசையாகப் பார்ப்பார்கள். எஞ்சின் ஓடும்போதே பின்னால் பீச்சுகிற தண்ணீர் நின்றுவிட்டால் உடனே சத்தம் போட்டுச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பை எதுவோ தண்ணீர் உறிஞ்சும் துளையை அடைத்திருக்கும், இரண்டு நிமிடம் விட்டால் எஞ்சின் வெந்துவிடும். எஞ்சினின் விசிறியில் (புரொப்பல்லர்) வலைத் துண்டு சுற்றிக்கொள்வதும் அடிக்கடி நடப்பதுதான், எஞ்சினை அணைத்துத் தூக்கிய பிறகே கத்தியை எடுக்க வேண்டும். எதுவும் ஆகவில்லையென்றால் கடலோரக் காவல் படையின் 1554, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093. இரண்டும் போனில் இருக்கட்டும், போன் நனையாத பையில் இருக்கட்டும்.

“கெளுத்தி குத்திவிட்டது, கை முழுக்கக் கடுக்கிறது”

கெளுத்தியின் முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று முள், மூன்றிலும் விஷம். திருக்கைக்கு வாலில். இந்த விஷம் புரதம், சூட்டில் சிதையும். அதனால் ஐஸ் வைக்காதீர்கள், சுடுதண்ணீர் வையுங்கள். சுமார் 45 டிகிரி, அதாவது குத்தாத கையை விட்டால் தாங்குகிற அளவு சூட்டில், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை கையை முக்கி வைக்க வேண்டும். குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாது, அந்தக் கையை வைத்து அளந்தால் வெந்துவிடும். இதற்காகவே டீ பிளாஸ்க்கோடு இன்னொரு பிளாஸ்க் வெந்நீர் கொண்டு போகிறோம். கரைக்கு வந்ததும் மருத்துவமனை, டெட்டனஸ் ஊசி, உள்ளே முள் முறிந்திருக்கிறதா என்று பார்ப்பது. திருக்கை நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால் எதையும் பிடுங்காமல் அப்படியே கொண்டு போங்கள்.

கொக்கி விரலில் ஏறிவிட்டால், மேலாக ஏறியிருந்தால் மட்டும்: கொக்கியின் வளைவில் ஒரு நூலைக் கோத்து, கொக்கியில் தூண்டில் நரம்பு கட்டும் துளைப் பக்கத்தைத் தோலோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஏறிய வழியிலேயே நூலை வெடுக்கென்று இழுக்க வேண்டும். கண்ணுக்குப் பக்கத்தில், மூட்டில், ஆழத்தில் என்றால் தொடாதீர்கள், தூண்டில் நரம்பை மட்டும் வெட்டிவிட்டு அப்படியே துணி சுற்றி மருத்துவமனைக்குப் போங்கள். கொக்கியின் எதிர்முள்ளை முன்கூட்டியே குறடால் நசுக்கி வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. அதனால் சில மீன் தப்பும், தப்பட்டும்.

“கரைக்கு வருவதற்குள் மீன் குழைந்துவிட்டது”

இதற்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் பக்கக் கடல்நீரே 28, 29 டிகிரி. மீனின் உடம்பும் அதே சூடு. சூரை போராடும்போது அதன் உடம்பு இன்னும் சூடாகும். படகின் தளம் வெயிலில் தோசைக்கல். ஒரு கிலோ மீனை 30 டிகிரியிலிருந்து பூச்சியத்துக்கு இறக்குவதற்கு மட்டுமே ஏறக்குறைய 340 கிராம் ஐஸ் உருகிப்போகும். அதன் பிறகு வெயிலோடு போராடவும், நீங்கள் பத்து தடவை மூடியைத் திறந்து பார்ப்பதைத் தாங்கவும் மீதி ஐஸ் வேண்டும். கிலோ மீனுக்குக் கிலோ ஐஸ் என்று சொல்வது இதனால்தான். 15 கிலோ மீன் எதிர்பார்த்தால் 15 கிலோ ஐஸ், அதுவும் மீன் பெட்டிக்கு மட்டும். சோடாவுக்கு வேறு பெட்டி. இந்த ஒரு விதியை மட்டும் எங்கள் கூட்டத்தில் யாருக்கும் தளர்த்துவதில்லை.

ஐஸை எங்கே வாங்குவது? ஐஸ் பேக்டரியில் பார் ஐஸாக, அதாவது பெரிய நீளக் கட்டியாக வாங்கி உடைத்துத் தரச் சொல்லுங்கள். கோழிமுட்டை அளவுக் கட்டிகள் மீனின் தோலைக் கீறும், கட்டிக்கும் மீனுக்கும் நடுவில் காற்று நிற்கும், குளிர் ஏறாது. கொத்துமல்லி விதை அளவுக்கு இல்லாவிட்டாலும் கல் உப்பு அளவுக்காவது நொறுங்க வேண்டும். அதோடு வீட்டு பிரீசரில் இரவே வைத்த ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் நாலைந்து அடியில் போடுங்கள். மெதுவாக உருகும், திரும்பும்போது குடிக்கலாம்.

மீன் ஏறியதும் செய்ய வேண்டியது: தலையில் ஒரு தட்டு தட்டி அடக்குங்கள். துள்ளித் துள்ளிச் சாகிற மீன் சீக்கிரம் விறைத்து, சீக்கிரம் குழையும். சூரை, பாறை, வஞ்சரம் என்றால் செவுளுக்குக் கீழே வெட்டி, கடல்நீர் வாளியில் தலைகீழாகப் பத்து நிமிடம் வையுங்கள். ரத்தம் வடிந்த மீனின் சதையும் வெளுப்பாக இருக்கும், கவுச்சியும் குறையும். பிறகு நேராக ஐஸ் கஞ்சி. இரண்டு பங்கு நொறுக்கிய ஐஸ், ஒரு பங்கு கடல்நீர். வெறும் ஐஸ் மீனைச் சில இடங்களில்தான் தொடும், கஞ்சி எல்லாப் பக்கமும் தொடும். சங்கரா அளவு மீன் சீக்கிரமே உள்வரை குளிர்ந்துவிடும். கரைக்குத் திரும்பும் நேரத்தில் கஞ்சியை வடித்துவிட்டு, ஐஸ் ஒரு அடுக்கு, மீன் ஒரு அடுக்கு, மறுபடி ஐஸ் என்று அடுக்குங்கள். பெட்டியின் அடித்துளையைத் திறந்தே வையுங்கள். உருகிய நல்ல தண்ணீரில் மணிக்கணக்காக ஊறுகிற மீனுக்கு நிறம் போய், கண் வெளுத்து, தோல் தொளதொளவென்று ஆகிவிடும். ‘ஐஸ் போட்டும் கெட்டுப்போச்சு’ என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேர் மீனை ஐஸில் வைக்கவில்லை, ஐஸ் தண்ணீரில் ஊறவைத்தவர்கள்.

வயிறு வெடித்துக் குடல் வெளியே தெரிந்தால்: மத்தி போன்ற மீன்களின் வயிற்றில் இருக்கும் செரிமான நொதிகள் செத்த பிறகும் வேலை செய்து வயிற்றுச் சுவரையே கரைத்துவிடும். பெரிய மீனென்றால் படகிலேயே குடலை எடுத்து, சுத்தமான கடல்நீரில் கழுவி, வயிற்றுக்குள்ளும் ஐஸ் அடையுங்கள். முகத்துவாரத்துக்கு வந்து அந்தத் தண்ணீரில் கழுவாதீர்கள், அங்கே என்னென்ன கலந்திருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சின்ன மீனைக் கடலில் ஆய்ந்துகொண்டிருக்க வேண்டாம், குளிர்ந்தால் போதும்.

சுறாவோ திருக்கையோ மூக்கைத் துளைக்கிற நெடி அடித்தால், அவற்றின் ரத்தத்தில் இருக்கும் யூரியா அமோனியாவாக மாறுகிறது என்று அர்த்தம். பிடித்ததும் ரத்தம் வடித்து ஐஸ் வைத்திருக்க வேண்டும். கடைசி நேரத்தில் புளித் தண்ணீர் லேசான நெடியைக் குறைக்கும், கடும் நெடியைக் குறைக்காது.

“மீன் நன்றாகத்தான் இருந்தது, சாப்பிட்டதும் முகம் சிவந்து அரிக்கிறது”

எங்கள் முதல் பயணத்தின் சூரையை நண்பன் ஒருவன் “வாடையே இல்லையேடா” என்று எடுத்துப்போய் வறுத்துச் சாப்பிட்டான். அரை மணி நேரத்தில் முகமும் கழுத்தும் செக்கச்செவேல், தலைவலி, நெஞ்சு படபடப்பு. மீன் அலர்ஜி என்று நினைத்தோம், இத்தனைக்கும் அவன் வாரத்துக்கு மூன்று நாள் மீன் தின்கிறவன். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்றவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் நிறைய. சூட்டில் கிடக்கும்போது பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஹிஸ்டமின் வந்துவிட்டால் வறுத்தாலும் குழம்பு வைத்தாலும் பிரீசரில் போட்டாலும் போகாது. மூக்குக்கும் தெரியாது. சில சமயம் நாக்கில் மிளகு போலக் காரமாகப் படும், அப்படிப் பட்டால் துப்பிவிடுங்கள். மருத்துவர் அலர்ஜிக்கான மாத்திரைதான் கொடுப்பார், பெரும்பாலும் சில மணி நேரத்தில் சரியாகிவிடும். மூச்சுத் திணறினால் 108-க்கு அடியுங்கள். சூரை ஐஸ் இல்லாமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்திருந்தால், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள் என்பது என் கணக்கு. பூனைக்கும் வேண்டாம்.

“பங்கு பிரிக்கும்போது மனஸ்தாபம்”

அவன் பிடித்த பாறை அவனுக்கு, நீ பிடித்த சங்கரா உனக்கு என்று ஆரம்பித்தால் அடுத்த பயணத்துக்கு ஆள் வராது. கடற்கரையில் இருக்கிற வழக்கமே நல்லது: படகுக்காரருக்கு முதல் கூறு, மீதியை ஆள் எண்ணிக்கைக்குக் கூறு போடுங்கள். பெரிய மீனைத் துண்டு போட்டுச் சேர்த்துவிடுங்கள். பிறகு ஒருவன் திரும்பி நிற்க, இன்னொருவன் ஒரு கூறைத் தொட்டு “இது யாருக்கு?” என்று கேட்க, திரும்பி நிற்பவன் பெயர் சொல்ல வேண்டும். வாந்தியெடுத்துக்கொண்டு படுத்தே கிடந்தவனுக்கும் முழுக் கூறுதான், அவனும் டீசலுக்குப் பணம் கொடுத்திருக்கிறான். வஞ்சரத் தலை யாருக்கு என்பதில் மட்டும் எங்களுக்கு இன்றுவரை தீர்வு இல்லை.

“கார் நாறுகிறது”

ஐஸ் பெட்டியின் துளையை மூட மறந்திருப்பீர்கள். கடலில் திறந்து வைக்கச் சொன்னேன் அல்லவா, காரில் மூட வேண்டும், வழியில் எங்காவது நிறுத்தி வடிக்க வேண்டும். பெட்டிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் ட்ரே. கொட்டிவிட்டால் சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள், மீன் புரதம் வெந்து விரிப்பில் ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த தண்ணீரால் ஒற்றி எடுத்து, பிறகு வினிகர் கலந்த தண்ணீர். மீன் வாடைக்குக் காரணமான பொருள் காரத்தன்மை உடையது, புளிப்பு அதைக் கட்டும். கையில் புளி தேய்த்துக் கழுவுவதும் அதனால்தான். அப்புறம் கதவைத் திறந்து ஒரு நாள் வெயிலில். சென்ட் அடித்தால் மல்லிகை மணக்கிற கருவாடாகிவிடும்.

“பிரீசரில் வைத்த மீன் சக்கையாக இருக்கிறது”

எட்டு கிலோவை ஒரே பையில் கட்டி உள்ளே தள்ளியிருப்பீர்கள். வீட்டு பிரீசருக்கு அது மலை. உள்ளே உறையவே ஒரு நாளாகும், மெதுவாக உறைந்தால் பெரிய பனிப் படிகங்கள் சதையைக் கிழிக்கும், உருகும்போது சாறெல்லாம் வடிந்துவிடும். ஒருவேளைக்கு வேண்டியதை மட்டும் ஒரு பையில், தட்டையாகப் பரப்பி, காற்றைப் பிதுக்கி, ஒரு நேரத்துக்கு இரண்டு கிலோவுக்கு மேல் போகாமல் வையுங்கள். மீதி அதுவரை கீழ்த்தட்டில் ஐஸோடு இருக்கட்டும். சின்ன மீனை டப்பாவில் தண்ணீரில் முழுக்கி உறைய வைத்தால் காய்ந்துபோகாது. எடுக்கும்போது முந்தைய இரவே கீழே இறக்கி வையுங்கள். மத்தி, கானாங்கெளுத்தி போன்ற எண்ணெய் மீன்களை இரண்டு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள், காறல் வந்துவிடும். அதற்கும் மிஞ்சினால் நாலு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு, மொட்டைமாடி, காக்கா விரட்ட ஒரு ஆள்.

“வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை”

இரவு எட்டு மணிக்கு ஆயாத ஐந்து கிலோ மீனைச் சமையலறைத் தொட்டியில் கொட்டினால் யார் பேசுவார்கள்? கடற்கரையிலேயே மீன் வெட்டித் தருகிற அக்காக்கள் இருக்கிறார்கள். காசு கொடுத்து செதில், செவுள், குடல் எடுத்து வாங்கிக்கொள்ளுங்கள், நாம் ஒன்றரை மணி நேரம் போராடுவதை அவர்கள் அரிவாள்மனையில் கால் மணியில் முடித்துவிடுவார்கள். வெட்டியதை மறுபடி ஐஸில் வையுங்கள், இந்த இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். வறுக்கத் தனி, குழம்புக்குத் தனி, தலை தனி என்று பைகளாகக் கொடுத்துவிட்டு, தொட்டியையும் நீங்களே கழுவிவிடுங்கள். இவ்வளவும் செய்த பிறகு எங்கள் வீட்டில் வருகிற கேள்வி, “கணவாய் ஒன்றுமே மாட்டலையா?”